ஊர்மக்களே நடத்தும் உடற்பயிற்சித் திடல்: சிறுநகரங்களுக்கு ஒரு வழிகாட்டி

பேரூராட்சி அளவிலான ஓர் ஊரில் நடைப்பயிற்சிப் பாதையோ, கைப்பந்துத் திடலோ, பெண்களுக்கான மாலைநேரப் பயிற்சியோ தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கருவிகளின் விலையை விசாரிப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஆட்கள், அடுத்து அவர்களுக்கு ஒத்துவரும் நேரம், பிறகு இடம், அதன்பின் பராமரிப்பு, எல்லாம் அமைந்த பிறகே கருவி என்ற வரிசையில் போனால்தான் இப்படிப்பட்ட முயற்சி நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பேரிங் தேய்ந்து, துருவேறி, கொடிக்கயிறு கட்டப் பயன்படும் பூங்காக்களை நாம் பார்க்கிறோம். அவற்றை வாங்கப் பணம் இருந்தது, மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்க மட்டும் ஆள் குறிக்கப்படவில்லை.

ஆட்களைத் திரட்டுவதற்கு முன் ஊரின் வேலை நேரத்தை அறிந்துகொள்ள வேண்டும். சோமனூர், பல்லடம், குமாரபாளையம் வட்டாரங்களில் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் விடிந்த பிறகே வீடு திரும்புகிறார். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கவே இரவாகிவிடுகிறது. கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் இரு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பிறகே கை ஓய்கிறது. ஆகவே காலை ஐந்தரை மணி வகுப்பு மட்டும் என்று முடிவு செய்தால், ஓய்வு பெற்றவர்களும் கடைக்காரர்களும் மட்டுமே வருவார்கள். நான்கைந்து தெருக்களில் வீடு வீடாகச் சென்று, எந்த நேரம் ஒழிகிறது, என்ன செய்யப் பிடிக்கும், வரவிடாமல் தடுப்பது எது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களே அதிகம் பயன்படும். "வெளிச்சம் இருந்தா வாரேன் கண்ணு, இருட்டுல நாய்த் தொல்லை தாங்கல" என்று ஓர் அம்மா சொன்னால், அந்தத் தெருவுக்கு முதல் தேவை இரண்டு விளக்குகள் என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதிலும் ஊர்மக்களுக்குத் தெளிவு கொடுப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், அதனுடன் வாரத்தில் 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் தேவை. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்தாலே பெரியவர்களுக்கான முதல் அளவு நிறைவேறிவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நெடுநாள் உடல் அசையாமல் இருந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகு சிறுகச் சிறுகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

என்ன பயிற்சி என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டில் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. வள்ளி கும்மி இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ஊர்களில் சிறுமியர் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை சேர்ந்து ஆடும் கலையாக மீண்டும் தழைத்திருக்கிறது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ ஊர்ப் பொதுவில் கூடி, ஆசிரியர் பாட, வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, அடி மாற்றிக் கைதட்டி ஆடும்போது மூச்சு வாங்குகிறது, கால் தசைகள் உழைக்கின்றன, யாரும் அதைத் தண்டனைபோல உணர்வதில்லை. உடற்பயிற்சி வகுப்பு என்றால் கூச்சப்படுகிற பெண்கள் கும்மி என்றால் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வருகிறார்கள். அரங்கேற்றம் என்று ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பதால் இடையில் நிற்பவர்களும் குறைவு. சிக்கல் அரங்கேற்றத்துக்குப் பிறகுதான் வருகிறது. அன்றோடு கூட்டம் கலைந்துவிடும். அரங்கேற்ற நாளிலேயே, வாரம் இரண்டு மாலை தொடர்ந்து ஆடுவதென்றும், மற்ற நாட்களில் அதே நேரத்தில் நடப்பதென்றும் அறிவித்து, பொறுப்பாளர் இருவரை எல்லோர் முன்னிலையிலும் நியமித்துவிட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை நான் முதலில் பார்க்கச் சொல்வது மனைப்பிரிவுகளின் பொது ஒதுக்கீட்டு நிலத்தை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதம் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்காக ஒதுக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் இடம் நேரில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கலாம், அல்லது யாரேனும் செங்கல் அடுக்கி வைத்திருக்கலாம். பேரூராட்சி அலுவலகத்தில் வரைபடத்தின் நகலைப் பெற்று, செயல் அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் நடப்பது இதமானதுதான். ஆனால் கீழ்பவானி போன்ற வாய்க்கால்களின் கரைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை என்பதால் அங்கே இருக்கையோ விளக்கோ அமைக்க அந்தத் துறையின் அனுமதி தேவை. நீச்சல் தெரியாத பிள்ளைகளை அங்கே தனியாக விடவும் கூடாது. அரசுப் பள்ளி மைதானமென்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, பள்ளி நேரம் போக மீதி நேரத்துக்கு ஒப்புதல் பெறலாம்.

கோயில் திடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எனினும் அதை நிலையான களமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாத் தெருக்காரர்களும் அங்கே ஒரே உரிமையுடன் கால் வைக்கிறார்களா என்பதை நம் ஊர்களில் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பெண்கள் மாதத்தில் சில நாட்கள் வரத் தயங்குவார்கள் என்பதும் உண்டு. ஒருவர்கூடத் தயங்கி ஒதுங்கி நிற்காத பொது நிலம் சற்றுத் தள்ளி இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் கூட்டத்தையும் எல்லாத் தெருக்களிலிருந்தும் இருவராவது வந்த பிறகே தொடங்குங்கள்.

திடல் அமைப்பதில் கைப்பந்துக்கு முதலிடம் தரலாம். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15 மீட்டர் போதுமானது. நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருந்தால் மாலை வெயில் எந்த அணியின் கண்ணிலும் நேராக அடிக்காது. நிலத்தைச் செதுக்கும்போது நெருஞ்சியை வேரோடு, காய் பிடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். காய் உதிர்ந்துவிட்டால் அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்து வெறுங்காலைக் குத்தும். கல் பொறுக்கி, கிராவல் மண் பரப்பி, நீர் வடிய ஒரு பக்கம் சற்றே சரிவு கொடுத்து, முன்னிரவில் நீர் தெளித்து, காலையில் ஈரம் காயும் முன் ரோலர் உருட்டினால் தளம் இறுகும். கோடு போடச் சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம், அது கண்ணைப் புண்ணாக்கும். வெள்ளைக்கல் கோலமாவு போதும். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். திறந்தவெளியில் இறகுப்பந்துக் களம் அமைக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இறகுப்பந்து ஓரிடத்தில் நிற்காது என்பதால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

நடைபாதைக்குச் சிமெண்ட் கல் பதிப்பதைவிட இறுகிய கிராவல் தளம் மூட்டுக்கு இதமானது, செலவும் குறைவு. ஓரத்தில் வேம்பும் புங்கனும் நட, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியே ஏற்றது. கோடைக்கு நீர் ஊற்றுபவர் பெயரை நடும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் தொடர்ந்து வரமாட்டார்கள் என்பதால் அதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

பணத்துக்கு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதிவு செய்து, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு தொடங்குவது பாதுகாப்பானது. திட்டமதிப்பில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தர, மீதியை அரசு ஏற்கும் நமக்கு நாமே திட்டத்தில் பூங்கா, விளையாட்டிடப் பணிகளுக்கு உள்ளாட்சி வழியாக விண்ணப்பிக்கலாம். ஒரே ஆலை அதிபரிடம் முழுத் தொகையையும் வாங்குவதை விட, வீட்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகையாகத் திரட்டுவதே நல்லது. திருவிழா வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டுப் பழகிய ஊர், இதற்கும் கேட்கும். வரவு செலவை மாதந்தோறும் திடலின் பலகையில் ஒட்டுங்கள்.

பராமரிப்புக்கு வாரம் ஒரு தெரு என்று முறை வைத்து, அந்த வாரத்தில் குப்பை, விளக்கு, சாவி ஆகிய மூன்றையும் அந்தத் தெருவே பார்க்கும்படி செய்யலாம். மூன்று மாதம் இந்த முறை தடைபடாமல் நடந்து, மாலைநேரத்தில் திடல் நிறைந்திருந்தால் மட்டுமே கருவிகள் வாங்கும் பேச்சை எடுங்கள். வாங்கும்போது உதிரிபாகம் கோவையிலோ திருப்பூரிலோ கிடைக்குமா என்று கேட்டு, குறைந்தது ஓராண்டு பழுதுபார்ப்பை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இளைஞர் அணி தேறிவிட்டால், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளின் பொதுப்பிரிவில் சேரும் விவரத்தை மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம்.