தொலைத்தொடர்பு நிறுவனப் பங்கை விகிதங்களால் மதிப்பிடுதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

பங்கு ஒன்றை மதிப்பிடுவது என்றதும் பலர் விலை உழைப்பு விகிதத்தில் (பங்கின் விலையைப் பங்கொன்றுக்கான இலாபத்தால் வகுத்து வரும் இலக்கம்) தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். வங்கிக்கோ தேயிலைக் கம்பனிக்கோ அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கதை. தொலைத்தொடர்புக்கு அந்த வரிசை சரிவராது. கோபுரம், கண்ணாடியிழை வடம், அலைவரிசை உரிமம் என்று முதலிலேயே பெருந்தொகையைக் கொட்டிவிட்டு, அதை நூறு ரூபா, இருநூறு ரூபா ரீலோட்டாகப் பல ஆண்டுகளில் திரும்பச் சேர்க்கும் தொழில் இது. ஆகவே காசையும் கடனையும் முதலில் பார்த்துவிட்டு, விலையைக் கடைசியாகப் பார்க்கும் ஒழுங்கில் இந்தச் செய்முறையை அமைத்திருக்கிறேன்.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரண்டுதான். டயலொக் ஆசிஆட்டா 2005 இலும் ஸ்ரீ லங்கா ரெலிகொம் 2003 இலும் சந்தைக்கு வந்தன. மொபிட்டல், ரெலிகொமின் முழு உடைமையான துணை நிறுவனம் என்பதால் அதற்குத் தனிப் பங்கு கிடையாது. ஹட்ச் இங்கே பட்டியலிடப்படவில்லை. பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் சி.டி.எஸ். கணக்கைக் கைத்தொலைபேசிச் செயலி வழியாகவே திறக்கலாம் என்று ஆன பிறகு, திருகோணமலையில் இருப்பவர் அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. எதை வாங்க வேண்டும், எதை விற்க வேண்டும் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. கணக்குப் போடும் முறை மட்டுமே நோக்கம்.

முதலாம் படி: அறிக்கையும் மாதிரி இலக்கங்களும்

பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஆண்டறிக்கைகளும் காலாண்டு அறிக்கைகளும் கிடைக்கும். இரு நிறுவனங்களின் நிதியாண்டும் டிசம்பர் 31 இல் முடிகிறது. அறிக்கையைத் திறந்ததும் குழுமம், கம்பனி என்று இரண்டு நிரல்கள் அருகருகே இருப்பதைக் காண்பீர்கள். துணை நிறுவனங்களின் கடனும் இலாபமும் சேர்ந்திருப்பது குழும நிரலில்தான். ஆகவே எல்லா விகிதங்களுக்கும் அதையே எடுங்கள். இலக்கங்கள் ஆயிரம் ரூபாவிலா மில்லியனிலா என்று நிரலின் தலைப்பில் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் விட்டால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

வருமானக் கூற்று, நிதிநிலைமைக் கூற்று, காசுப் பாய்ச்சல் கூற்று ஆகிய மூன்றும் தேவைப்படும். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இவை பழக்கமானவை. படிக்காதவர்களும் கீழே உள்ள கற்பனை நிறுவனத்தின் இலக்கங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். எல்லாம் கோடி ரூபாவில்.

வருமானம் 10,000
எபிட்டா (வட்டி, வரி, பெறுமானத் தேய்வுக்கு முந்திய இலாபம்) 3,800
பெறுமானத் தேய்வு 2,200
வட்டி 600
வரி 300
தேறிய இலாபம் 700
மூலதனச் செலவு 2,300
கடன் 4,500, குத்தகைப் பொறுப்பு 1,000, கையிலுள்ள காசு 1,300
உரிமையாண்மை (சொத்திலிருந்து பொறுப்புகள் போகப் பங்குதாரருக்கு உரியது) 5,000
பங்குகள் 500 கோடி, பங்கின் சந்தை விலை 14 ரூபா

இரண்டாம் படி: வருமானம் எங்கிருந்து வருகிறது

மொத்த வருமானம் கடந்த ஆண்டைவிட எத்தனை வீதம் கூடியது என்பதைக் கணிப்பது எளிது. அது ஏன் கூடியது என்பதே கேள்வி. மாத வருமானத்தைச் சந்தாதாரர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதம் எவ்வளவு வருகிறது என்று தெரியும். சந்தாதாரர் தொகையை மட்டும் நம்பக்கூடாது. மூதூரில் ஒரு நிறுவனத்தின் சிம், நகரத்துக்கு வந்தால் இன்னொன்றின் சிம் என்று ஒரே கைத்தொலைபேசியில் இரண்டு வைத்திருப்பவர் இரு நிறுவனங்களின் கணக்கிலும் ஒவ்வொரு தலையாக நிற்பார். எண்ணிக்கை ஏறியும் தலைக்கு வரும் வருமானம் இறங்கினால், உறங்கும் சிம்கள் பெருகுகின்றன என்றோ விலைக்குறைப்புப் போட்டி நடக்கிறது என்றோ ஐயப்படலாம்.

இந்தத் தொழிலில் முதலாளி நினைத்த நேரத்தில் விலையை ஏற்ற முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். கட்டண மாற்றத்துக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 2022 செப்ரெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன; அந்த ஆண்டு விலைவாசி ஏறிய வேகத்துக்கு அது மிகவும் பின்தங்கியிருந்தது. அடுத்த ஆண்டின் வருமான வளர்ச்சியைப் பார்ப்பவர், அதில் எவ்வளவு கட்டண உயர்வால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எபிட்டா வீதம்

வட்டி, வரி, பெறுமானத் தேய்வு ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன்னுள்ள இலாபத்தைத்தான் சந்தையில் எபிட்டா என்கிறார்கள். அதை வருமானத்தால் வகுத்தால் எபிட்டா வீதம். நமது மாதிரியில் 3,800 ஐ 10,000 ஆல் வகுக்க 38 வீதம். அன்றாட வியாபாரத்தை நிறுவனம் எவ்வளவு சிக்கனமாக நடத்துகிறது என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

நிலாவெளி வீதியில் ஏதாவதொரு கோபுரத்தின் அடியில் நின்று வேலிக்குள் பார்த்தால் இந்தச் செலவுகளைக் கண்ணாலேயே காணலாம்: மின்மானி, அதற்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர், அலமாரிக்குள் மின்கல வரிசை, உப்புக்காற்றில் துருவேறி மறுபடியும் வர்ணம் பூசப்பட்ட ஆணிகள், காணிக்காரருக்குப் போகும் வாடகை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது இந்த ஜெனரேட்டர்கள் டீசலைக் குடித்தன. அதே ஆண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு ஏறியது. அந்த ஆண்டுகளில் எபிட்டா வீதம் சரிந்திருந்தால் உடனே முகாமைத்துவத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. நிலைமை சீரான பிறகு வீதம் மீண்டதா என்பதே சோதனை.

கோபுரக் காணி வாடகையில் ஒரு பொறியும் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 இன்படி, நீண்டகாலக் குத்தகைகள் பொறுப்பாகவும் சொத்தாகவும் ஏடுகளில் ஏறின. முன்பு செலவாகக் காட்டப்பட்ட வாடகை, பெறுமானத் தேய்வாகவும் வட்டியாகவும் பிரிந்து எபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. அதனால் 2018 ஐயும் 2019 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீதம் கூடியிருப்பதுபோலத் தெரியும். வியாபாரத்தில் எதுவும் மாறியிருக்கத் தேவையில்லை.

நான்காம் படி: கோபுரங்களுக்குப் போன பிறகு மிஞ்சும் காசு

என் பார்வையில் இந்தத் துறையில் அதிகம் பேசும் விகிதம் இதுதான். மூலதனச் செலவை வருமானத்தால் வகுங்கள்: 2,300 இன் கீழ் 10,000, அதாவது 23 வீதம். இந்தத் தொகை காசுப் பாய்ச்சல் கூற்றின் முதலீட்டு நடவடிக்கைகள் பகுதியில் இருக்கும்.

திருக்கடலூரில் வள்ளம் வைத்திருப்பவர் மீனை விற்று, மண்ணெண்ணெய், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாம் கொடுத்த பின் கையில் நிற்பதைத் தன் இலாபம் என்று எண்ணிச் செலவழித்தால், எஞ்சின் ஓய்கிற அன்று கடன்காரரைத் தேடவேண்டி வரும். எபிட்டாவும் அத்தகைய தொகையே. 3ஜி போய் 4ஜி, 4ஜி போய் 5ஜி என்று எஞ்சினை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய வள்ளம் இது.

எனவே எபிட்டாவிலிருந்து வட்டி 600, வரி 300 ஆகியவற்றைக் கழித்து 2,900 என எடுத்து, அதிலிருந்து மூலதனச் செலவு 2,300 ஐக் கழித்தால் 600 மிஞ்சும். குத்தகைத் தவணையாக 150 போகிறது என்று வைத்தால் 450. பங்குதாரருக்கு உண்மையில் எட்டக்கூடிய காசு இவ்வளவே. தேறிய இலாபம் 700 என்று வருமானக் கூற்று சொன்னதை மறுபடி பாருங்கள்.

மூலதனச் செலவு ஓர் ஆண்டில் திடீரென்று இறங்கி, மிஞ்சும் காசு கூடினால் மகிழ்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 2022 இல் போல, டொலர் இல்லாமல் உபகரண இறக்குமதி தள்ளிப்போனதாலும் அப்படி நேரலாம். தள்ளிப்போட்டது பின்னர் வந்தே தீரும். ஐந்து ஆண்டுச் சராசரியை எடுத்தால் இந்த ஏமாற்றம் குறையும்.

ஐந்தாம் படி: கடன், அதிலும் டொலர்க் கடன்

கடனையும் குத்தகைப் பொறுப்பையும் கூட்டிக் காசைக் கழித்தால் தேறிய கடன் 4,200. அதை எபிட்டாவால் வகுக்க 1.1 மடங்கு. அடுத்தது வட்டி காப்பு விகிதம்: எபிட்டாவிலிருந்து பெறுமானத் தேய்வைக் கழித்த இயக்க இலாபம் 1,600, அதை வட்டி 600 ஆல் வகுக்க 2.7 தடவை. கடன், உரிமையாண்மை விகிதம் 5,500 இன் கீழ் 5,000, அதாவது 1.1. மூன்றும் பயப்படத்தக்கவை அல்ல.

ஆனால் கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது என்று விகிதம் சொல்லாது. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் கடன்கள் நாணயவாரியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்; அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். நமது மாதிரி நிறுவனத்தின் கடனில் 2,000 கோடி டொலரில் வாங்கியது என்று கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதாவது 80 வீத ஏற்றம். கடன் ஒரு சதமும் புதிதாக வாங்காமலேயே 1,600 கோடியால் வீங்கிவிடும். அந்த 1,600 கோடி நாணயமாற்று நட்டமாக வருமானக் கூற்றில் விழும். வரிக்கு முந்திய 1,000 கோடி இலாபம் 600 கோடி நட்டமாக மாறும். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உரிமையாண்மை 3,400 க்கு இறங்க, கடன், உரிமையாண்மை விகிதம் 1.1 இலிருந்து 2.1 க்குத் தாவும். எபிட்டாவோ அசையாமல் 3,800 இலேயே நிற்கும். வருமானம் ரூபாவில், கடன் டொலரில் என்ற பொருத்தமின்மையின் விளைவு இது. டயலொக் 2022 இல் நட்டம் காட்டியதற்கு நாணயமாற்று நட்டம் முதன்மையான காரணம். ரூபா வலுத்த அடுத்த ஆண்டில் அதே நாணயமாற்றுப் பதிவு எதிர்த்திசையில் இலாபத்தைத் தூக்கிக் காட்டும் என்பதால், இரு ஆண்டுகளிலும் அந்தப் பதிவை நீக்கிவிட்டு ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு.

நடைமுறை விகிதத்தைப் (குறுங்காலச் சொத்துகளைக் குறுங்காலப் பொறுப்புகளால் வகுப்பது) பற்றி இரண்டே வாக்கியங்கள். தொலைத்தொடர்பில் அது ஒன்றுக்குக் கீழே இருப்பது சாதாரணம். வாடிக்கையாளர் காசை முன்கூட்டியே ரீலோட்டாகத் தருகிறார், அதை அவர் பேசிச் செலவழிக்கும்வரை அது நிறுவனத்தின் பொறுப்பாகவே ஏட்டில் நிற்கிறது.

ஆறாம் படி: உரிமையாண்மை மீதான வருவாய்

தேறிய இலாபம் 700 ஐ உரிமையாண்மை 5,000 ஆல் வகுக்க 14 வீதம். இதை வேறு கம்பனியுடன் ஒப்பிடுவதற்கு முன், அதே காலத்தில் திறைசேரி உண்டியலும் (அரசு குறுங்காலக் கடனுக்கு வெளியிடும் பத்திரம்) நிலையான வைப்பும் தந்த வட்டியுடன் ஒப்பிடுங்கள். 2022 இல் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டில் 14 வீதத்துக்காகப் பங்கின் ஆபத்தை ஏற்பதில் பொருளில்லை. வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்த காலத்தில் அதே 14 வீதம் வேறு முகம் காட்டும்.

ஏழாம் படி: இனி விலை

பங்கொன்றுக்கான உழைப்பு 700 ஐ 500 ஆல் வகுக்க 1.40 ரூபா. விலை 14 ரூபா என்பதால் விலை உழைப்பு விகிதம் 10. நாணயமாற்று நட்டம் விழுந்த ஆண்டில் இந்த விகிதமே இல்லாமற்போகும். இலாபம் விழுந்த ஆண்டில் நல்ல கம்பனியின் பங்கும் விலை கூடியதாகத் தெரியும்.

அதற்குத் துணையாக நிறுவனத்தின் முழு விலையை எடுங்கள்: சந்தை மதிப்பு 7,000, அத்துடன் தேறிய கடன் 4,200, ஆக 11,200. அதை எபிட்டாவால் வகுத்தால் 2.9 மடங்கு. ஒருவர் அதிகக் கடனோடும் மற்றவர் குறைந்த கடனோடும் நடத்தும் இரு நிறுவனங்களை ஒப்பிட இதுவே தகுந்தது. மிஞ்சும் காசு 450 ஐச் சந்தை மதிப்பால் வகுத்தால் 6.4 வீதம், நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது இந்த இலக்கத்தைத்தான்.

பங்கிலாபம் பங்குக்கு 60 சதம் என்றால் விளைவு, அதாவது பங்கின் விலையில் பங்கிலாபத்தின் பங்கு, 4.3 வீதம், 15 வீத நிறுத்திவைப்பு வரி போக 51 சதம், அதாவது 3.6 வீதம். மொத்தப் பங்கிலாபம் 300 கோடி, மிஞ்சும் காசு 450 கோடி. ஆகவே கடன் வாங்காமலேயே இதைக் கொடுக்க முடியும்.

பழைய ஆண்டுகளுடன் ஒப்பிடும்போது பங்குகளின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 இல் எயார்டெல் லங்காவை இணைத்துக்கொண்டபோது டயலொக் புதிய பங்குகளை வெளியிட்டு, 10.355 வீதத்தைப் பாரதி எயார்டெலுக்குக் கொடுத்தது. இலாபம் கூடியும் பங்கொன்றுக்கான உழைப்பு அதே அளவில் கூடாமல் இருப்பதற்கு இத்தகைய வெளியீடு காரணமாகலாம். ஸ்ரீ லங்கா ரெலிகொமில் ஏறத்தாழப் பாதிப் பங்கு திறைசேரியிடம் இருக்கிறது. அங்கே கொழும்பில் எடுக்கப்படும் ஓர் அரசியல் முடிவு, எந்த விகிதமும் மாறாமலே விலையை அசைத்துவிடும். சந்தையில் இரண்டே நிறுவனங்கள் இருப்பதால் துறைச் சராசரி என்று ஒன்றைக் கணிப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் அதன் சொந்த ஐந்தாண்டு வரலாற்றோடு ஒப்பிடுங்கள். காலாண்டு அறிக்கை வரும் பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் மாதங்களில் அந்தத் தாளில் ஒரு நிரலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.