நேபாளத்தின் பச்சிளங்குழந்தை இறப்புப் போக்கை விரிதாளில் வரைவது எப்படி?

பிறந்து 28 நாள் நிறைவதற்குள் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பதை, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு இத்தனை என்று சொல்வதே பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம். நேபாளத்தில் அது மாறிவந்த விதத்தை விரிதாளில் வரைந்து வாசிக்கும் முறையைப் பார்ப்போம். வரைபடம் போடத் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன்.

படி 1: எண்களைத் திரட்டுதல்

1996இல் குடும்ப நலவாழ்வு ஆய்வு என்ற பெயரிலும், பிறகு மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வு என்ற பெயரிலும் வெளியான அறிக்கைகளே போதும். 1996, 2001, 2006, 2011, 2016, 2022 ஆகிய ஆய்வுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் முறையே 50, 39, 33, 33, 21, 21. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் 118, 91, 61, 54, 39, 33. ஐ.நா. முகமைகளின் ஆண்டுவாரி மதிப்பீடுகளையும் இதே கோட்டில் கலக்க வேண்டாம். அவை பல தரவுகளைச் சேர்த்துக் கணித மாதிரி வழியாகச் சீராக்கப்பட்டவை.

படி 2: ஆண்டைத் திருத்துதல்

பெரும்பாலோர் இடறும் இடம் இதுதான். தாய்மார்களிடம் பிறப்பு வரலாற்றைக் கேட்டு, ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் நிலையைக் கொண்டு கணக்கிடுவதால், 2022ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள 21 என்ற எண் 2022ஐக் குறிப்பதில்லை. அது அந்த ஐந்தாண்டுகளின் சராசரி. எனவே ஒவ்வோர் ஆய்வு ஆண்டிலிருந்தும் 2.5ஐக் கழித்து, 2022க்கு 2019.5 என்றும், 2011க்கு 2008.5 என்றும் தனி நெடுவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல், 2009இல் நாடெங்கும் தொடங்கிய ‘ஆமா’ இலவசப் பிரசவத் திட்டத்தை வரைபடத்தில் குறித்தால், 2011இன் புள்ளி திட்டத்தின் விளைவைக் காட்டுவதுபோல் தோன்றும்; உண்மையில் அந்தப் புள்ளி அடக்கியிருக்கும் காலத்தின் பெரும்பகுதி திட்டத்துக்கு முந்தையது.

படி 3: வரைதல்

லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் எனக்குப் போதும். இதற்கெனத் தனி மென்பொருள் வாங்குவது வீண். கோட்டு வரைபடத்தைத் தவிர்த்துச் சிதறல் வரைபடத்தையே தேர்ந்தெடுங்கள். கடைசி இடைவெளி மட்டும் ஆறு ஆண்டு. கோட்டு வரைபடம் அதையும் மற்றவற்றுக்குச் சமமாக்கிவிடும்.

படி 4: கழித்துப் பார்த்தல்

ஐந்து வயதுக்குட்பட்டோர் விகிதத்திலிருந்து பச்சிளங்குழந்தை விகிதத்தைக் கழித்தால், முதல் மாதத்தைத் தாண்டிய பிறகு நேரும் இறப்புகள் கிடைக்கும். அவை 68இலிருந்து 12ஆகச் சரிந்திருக்க, முதல் மாத இறப்புகள் 50இலிருந்து 21ஆக மட்டுமே குறைந்துள்ளன. வயிற்றுப்போக்கு, தட்டம்மை போன்றவற்றிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் வழிகள், குறைப்பிரசவத்துக்கும் பிறந்தவுடன் நேரும் மூச்சுத்திணறலுக்கும் உதவுவதில்லை. மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 2016இல் 57 விழுக்காடாக இருந்து 2022இல் 79ஆக உயர்ந்த பிறகும் இறப்பு விகிதம் 21இலேயே நிற்கிறது. பிரசவம் எங்கே நடக்கிறது என்பதைவிட, அங்கே எத்தகைய பராமரிப்பு கிடைக்கிறது என்பதையே இனி அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 5: ஆண்டுக் குறைவு வீதம்

தொடக்க எண்ணை இறுதி எண்ணால் வகுத்து, அதன் இயல் மடக்கையை (விரிதாளில் LN) ஆண்டு இடைவெளியால் வகுங்கள். 50இலிருந்து 21க்கு வர 26 ஆண்டுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 விழுக்காடு. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கின்படி 2030க்குள் 12ஐ எட்ட, 2019.5இலிருந்து கணக்கிட்டால் ஆண்டுக்கு 5.3 விழுக்காடு தேவை. படி 2ஐத் தவிர்த்து 2022இலிருந்து கணக்கிட்டவருக்கு 7 என்று வரும்.

பின்சேர்க்கை: மாகாணவாரி எண்கள் தேசிய எண்ணோடு பொருந்தவில்லை என்று சிலர் கேட்டிருந்தனர். மாகாண அளவில் மாதிரி (ஆய்வில் விசாரிக்கப்பட்டவர்களின் தொகுதி) சிறியது என்பதால், அந்த அட்டவணைகள் பத்தாண்டுக் காலத்தை எடுத்துக்கொள்கின்றன. அட்டவணைத் தலைப்பில் அது எழுதப்பட்டிருக்கும். மாகாணங்களை ஒப்பிடும்முன், பின்னிணைப்பில் உள்ள மாதிரிப் பிழை அட்டவணையையும் பாருங்கள்.