கிஃப்ட் கார்டு வாங்கும் முன் கேட்க வேண்டியதும், பணம் கழிந்த பின் செய்ய வேண்டியதும்

தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, ஆபீஸில் பரிசுக்கு என்று இப்போது எல்லாவற்றுக்கும் கிஃப்ட் கார்டுதான். கொடுப்பவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறார், அதனால் அதில் ஒரு ரூபாய் காரணமில்லாமல் கழிந்தாலும் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதலில் கார்டின் பின்பக்கத்தையோ மின்னஞ்சலின் அடிப்பகுதியையோ பாருங்கள்: வெளியிட்டது யார்? இது தெரியாமல் எங்கே புகார் செய்வது என்றே தெரியாது. வங்கியோ வாலட் நிறுவனமோ வெளியிட்டு, பல கடைகளில் செல்லும் கார்டு என்றால் ரிசர்வ் வங்கியின் 2021 விதிமுறைகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஒரு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது, மறுபடி பணம் ஏற்றவும் முடியாது, ஆனால் குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற வழியில் எச்சரிக்க வேண்டும். காலாவதியான பிறகும் மீதியைக் கேட்டால் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது, இது பலருக்குத் தெரியாததால் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரே கடை தன் பொருளுக்கு மட்டும் தரும் வவுச்சர் வேறு மாதிரி. அதற்கு ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது, நுகர்வோர் சட்டம்தான் துணை. அதனால் அதைப் பீரோவில் வைக்காமல் சீக்கிரம் செலவழித்துவிடுவது நல்லது.

பணம் கட்டும் முன் நேராகக் கேளுங்கள்: கார்டுக்குத் தனிக் கட்டணமா, அனுப்பும் செலவு எவ்வளவு, பயன்படுத்தாமல் வைத்தால் மாதாமாதம் எதுவும் கழிப்பீர்களா, தொலைந்தால் என்ன, பல தடவையாகச் செலவழிக்கலாமா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஒரே பில்லில் முடிக்க வேண்டும், மீதி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், 2,000 ரூபாய் கார்டுக்கு 1,640க்குத் துணி எடுத்தால் 360 போச்சு.

ஆன்லைனில் வாங்கினால் முதல் பக்கத்து விலையையும் கடைசிப் பக்கத்து விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நடுவில் கட்டணம் முளைத்தாலோ, நீங்கள் கேட்காத ஒன்று கூடையில் ஏறினாலோ, இரண்டுமே 2023 நவம்பரில் மத்திய அரசு தடுத்த ஏமாற்று உத்திகளின் பட்டியலில் இருப்பவை. அப்புறம், வவுச்சரின் முகமதிப்புக்கு, அதாவது அதில் போட்டிருக்கும் தொகைக்கு, ஜிஎஸ்டி என்று யாராவது சேர்த்தால் மறுத்துவிடுங்கள், மத்திய அரசின் 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கை அதைத் தெளிவாக்கிவிட்டது. அவர்களுடைய சேவைக் கட்டணத்துக்கு வரி வரலாம், பிறகு வாங்கும் பொருளுக்கும் வழக்கமான வரி உண்டு.

சரி, பணம் கழிந்துவிட்டது. போனில் சண்டை போட்டுப் பயனில்லை, எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு போதும்: "இந்த எண்ணுள்ள கார்டை இந்தத் தேதியில் வாங்கினேன். இவ்வளவு ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. வாங்கும்போது இந்தக் கட்டணம் எனக்குச் சொல்லப்படவில்லை. எந்த விதியின்படி கழித்தீர்கள் என்று எழுத்தில் தெரிவித்து, தொகையைத் திருப்பித் தரவும்." இதில் ரகசிய பின் எண்ணை மட்டும் எழுதாதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. கடை வவுச்சர் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல விஷயங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும், அதுவரை பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.