பிரீமியர்ல ஒரு ஃபிரேமை ஸ்டில்லா எடுக்கிறது எப்படி

தம்ப்நெயிலுக்கு வீடியோவை பாஸ் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க ப்ளீஸ், மானிட்டர்ல சின்னதா தெரியுற சைஸ்ல தான் அது வரும், குவாலிட்டி போயிடும். அடோபியோட எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் ப்ரோவுல பிளேஹெட்டை (டைம்லைன்ல நகருற கோடு) சரியான ஃபிரேம்ல வச்சு, புரோகிராம் மானிட்டருக்கு (எடிட் பண்ணது தெரியுற விண்டோ) கீழ இருக்கற கேமரா ஐகானை அழுத்துங்க, இல்லனா விண்டோஸ்ல கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஈ, மேக்ல ஷிஃப்ட்+ஈ. பிஎன்ஜி செலக்ட் பண்ணுங்க, ஜேபெக்னா கம்ப்ரஸ் ஆகும். அங்கயே இம்போர்ட் இன்டு ப்ராஜெக்ட்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டா ஸ்டில் நேரா ப்ராஜெக்ட்டுக்குள்ள வந்துடும்.

முக்கியமான விஷயம், புரோகிராம் மானிட்டர்ல எடுத்தா சீக்வென்ஸ் (நீங்க எடிட் பண்ற டைம்லைன்) சைஸ்ல தான் வரும், கலர் கரெக்‌ஷனும் சேர்ந்து வரும். 4கே ஃபுட்டேஜை 1080 சீக்வென்ஸ்ல போட்டிருந்தீங்கனா கிடைக்கிறது வெறும் 2 மெகாபிக்சல் தான், அதே கிளிப்பை சோர்ஸ் மானிட்டர்ல (ஒரிஜினல் கிளிப்பை தனியா பார்க்கற விண்டோ) திறந்து எடுத்தா 8 மெகாபிக்சல் முழுசா கிடைக்கும், ஆனா டைம்லைன்ல போட்ட கலர் வராது.

ஆளு கையை வீசுற இடத்துல ஃபிரேம் மங்கலா தான் இருக்கும், லெஃப்ட் ரைட் ஆரோ கீயால ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்தி, கண்ணு திறந்து அசையாம நிக்கிற ஃபிரேமை தேடுங்க, இதுக்கு நேரம் செலவழிக்கிறது தப்பே இல்ல.

வீடியோவுக்குள்ளயே உறைஞ்சு நிக்கணும்னா எக்ஸ்போர்ட்டே வேணாம், கிளிப்ல ரைட் கிளிக் பண்ணி இன்சர்ட் ஃபிரேம் ஹோல்டு செக்மென்ட் குடுங்க, 2 செகண்ட் ஸ்டில் நடுவுல வந்து உக்காரும், ஓரத்தை இழுத்து நீட்டிக்கலாம்.