கழுகுமலைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். நெல்லையப்பர் கோயில், குற்றாலம், திருச்செந்தூர், அல்வா, அப்புறம் சொந்தக்காரர் வீடுகள். விடுமுறை அதிலேயே ஓடிவிடும். இந்த முறை பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் கழுகுமலைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை எடுத்து வையுங்கள். அகிம்சை என்ற சொல்லைக் காந்தியோடு மட்டும் சேர்த்துப் படித்த பிள்ளைகளுக்கு, அந்தச் சொல்லை நம்பி நம் சீமையின் சாதாரண ஜனங்கள் சுமார் 1,200 வருசத்துக்கு முன்னால் சமணச் சிற்பங்களைச் செதுக்கவைத்த மலையைக் காட்டலாம். நானும் இரண்டு நண்பர்களும் லீவு நாட்களில் வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கழுகுமலை இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986இல் பிரிக்கும்வரை திருநெல்வேலி மாவட்டம்தான். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் கோவில்பட்டியில் இறங்குங்கள். அங்கிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். வாடகைக் கார் என்றால், மலையில் மட்டும் மூன்று மணி நேரம் ஆகும் என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒருமுறை கனடாவிலிருந்து வந்த என் அண்ணன் குடும்பத்தைக் கூட்டிப் போனபோது, கீழே நின்ற டிரைவர் அரை மணிக்கொரு தரம் போன் போட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் இறங்கி வந்தோம். அண்ணன் மகளுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

விமானத்தில் மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் அங்கே தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 1959இல் திறந்தது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

மலைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். குடிதண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குரங்கு உண்டு, தின்பண்டத்தைக் கையில் காட்ட வேண்டாம். வெட்டுவான் கோயில் வழியில்தான். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த ஒற்றைக்கல் கோயில், பாண்டியர் காலத்தில் பாதியில் நின்றுபோனது. கருவறைக்கு மேலே உள்ள விமானத்தில் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அப்புறம் சமணச் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் பெரிய குருமார்கள், நூற்றுக்கும் மேல். முதலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அவசரப்படாமல் அவர்களில் ஒருவரான பார்சுவநாதர் முன்னால் நில்லுங்கள். அவர் தலைக்கு மேல் நாகராஜா தரணேந்திரன் பாம்புப் படம் விரித்துக் காக்கிறான். பழைய பகையை மறக்காத கமடன் அவர்மேல் போடப் பாறாங்கல்லைத் தூக்குகிறான். பார்சுவநாதர் கையை ஓங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, அசையாமல் நிற்கிறார். கடைசியில் அதே கமடன் அவர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறான். கல்லைத் தூக்கினவனும் கும்பிடுகிறவனும் ஒரே ஆள் என்று சொன்னதும் அண்ணன் மகள் கிட்டே போய் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சிறுசிறு கல்வெட்டுகள். சாய்ந்த வெயிலில்தான் எழுத்து நன்றாகத் தெரியும். பெரும்பாலும் இன்ன ஊர் இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்று முடியும். ராஜாக்கள் மட்டும் செய்ததில்லை. தச்சர், குயவர், கொல்லர் பெயரெல்லாம் இருக்கிறது. ‘குரத்தி’ என்ற பட்டத்தோடு பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். குரவர் என்பதற்குப் பெண்பால், இடையின ர. பெண் துறவிகள் ஆசிரியர்களாக இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி. என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது இந்த இடம்தான். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தடவாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். ஏற்கெனவே பலர் தங்கள் பெயரைக் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

பக்கத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது நடப்புச் சாமி, எனவே செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். காவலுக்கு இருப்பவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினால், நாம் கவனிக்காமல் விட்ட சிற்பத்தையும் காட்டித் தருவார்.

இன்னொன்றையும் பெரிய பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். இதே மலையின் அடிவாரத்தில், தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போவது என்ற சாதித் தகராறில் 1895 பங்குனி உத்திரத்தின்போது கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கீழே இறங்கிக் கழுகாசலமூர்த்தி என்ற முருகன் கோயிலுக்குப் போகும்போது அந்த வீதியைக் காட்டியே சொல்லலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரன்கோவில் போங்கள், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சிவன் பெரிதா, திருமால் பெரிதா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமாகக் காட்டவைத்த தலம். ஆடித்தபசு அந்தக் கதைக்கான திருவிழா. அந்தச் சமயம் கூட்டம் நெரியும், பிள்ளைகளோடு வேறு நாளில் போவதே நல்லது. மதியம் நடை சாத்தியிருப்பார்கள். நாலு மணிக்கு மேல் போனால் சங்கரநாராயணரை நிதானமாகப் பார்க்கலாம்: வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். திரும்பும்போது கோயில் புற்றுமண் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை போகிறவர்களுக்கு ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் அங்கேயே நிற்கும்.