கிருஷ்ணகிரிக் கோட்டை விழவே இல்லை: மலைப்போரை மாற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் நாற்பது பக்கக் கதையை என்னிடம் படிக்கக் கொடுத்தார். காவேரிப்பட்டணத்துக்காரர். திப்பு சுல்தானின் வீரர்கள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து காப்பாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கதை. நடை நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு சிக்கல்: அவர்கள் உண்மையிலேயே காப்பாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் ஆங்கில-மைசூர்ப் போரில், 1791 நவம்பர் 7 இரவு, ஆங்கிலேய லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. மலையடிவார ஊரான பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. மலையேறி ஓடியவர்களின் முதுகோடு ஒட்டிக்கொண்டே மேல்கோட்டை வாசலுக்குள் புகுந்துவிடலாம் என்று துரத்திப் போனார்கள். மயிரிழையில் கதவு சாத்தப்பட்டது. பிறகு ஏணிகள் வந்தன. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டு ஏணிகளையும் ஆட்களையும் சேர்த்தே நொறுக்கினார்கள். சுமார் இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு மேக்ஸ்வெல் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அப்படி நின்ற கோட்டை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சுற்றியுள்ள பாராமகால் பகுதியோடு சேர்த்துக் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. வாளுக்கு விழாதது மைக்கு விழுந்தது.

ஆகவே முதல் தவறு, நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் மாற்றப் புறப்படுவது. ராயக்கோட்டை 1791 ஜூலையிலேயே கைமாறிவிட்டது. அதை நவம்பரிலும் திப்புவின் கொடியோடு நிறுத்தியிருந்த கதையையும் படித்திருக்கிறேன். அதே கதையில் குதிரை வீரன் ஒருவன் ராயக்கோட்டை தக்காளித் தோட்டங்களின் ஊடே பாய்ந்து போகிறான். ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பார்த்து வளர்ந்தவர் எழுதியது, வேறென்ன செய்வார்! அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும்தான். தக்காளி வயலுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. கிருஷ்ணகிரி அணையின் நீர் மலையடிவாரத்தில் மின்னுவதும் இதே வகைப் பிழைதான். அணை 1950களில் கட்டப்பட்டது.

சொற்களிலும் கவனம் வேண்டும். மைசூர்ப் படையின் இரும்புக் குழல் வாணங்கள் பெயர்பெற்றவை. அவற்றைக் கதாசிரியர் ‘ஏவுகணை’ என்று சொல்லலாம், 1791-இல் நிற்கும் சிப்பாயின் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது. கோட்டைத் தலைவனான கில்லேதார் செந்தமிழில் முழங்குவதும் எனக்கு ஒட்டவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கினி உருதும் ஒரே சந்தையில் புழங்கும் மண் இது. இன்றும் ஓசூர் பஸ்ஸில் ஏறினால் மூன்று மொழி காதில் விழும்.

மலையை வெறும் திரைச்சீலையாக எழுதுவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். அந்த மாணவரை ஒரு மே மாதக் காலையில் கோட்டைக்கு அழைத்துப் போனேன். பாதி வழியிலேயே தண்ணீர் பாட்டில் காலி. “ஐயா, என் கதையில் இருநூறு பேர் இதில் ஓடி ஏறுகிறார்கள்” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. வழவழத்த பாறை, சில இடங்களில் ஒரு பாதத்துக்கு மட்டும் இடம் தரும் படி. இதில் ஏணியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். மேலே போனால் மழைநீர் தேங்கும் சுனைகள். மலைக்கோட்டையின் ஆயுள் அந்தச் சுனைகளில்தான் இருந்தது. மேலே இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான் என்பதைப் பீரங்கியைவிட அவையே தீர்மானித்தன.

இறங்குவதும் லேசுப்பட்டதல்ல. 1790 நவம்பரில் திப்புவின் படை தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே நழுவிப் போனது. இன்று அதே இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் புரள்கின்றன. அன்று பீரங்கி வண்டியைப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தபடிதான் இறக்க வேண்டும். மேக்ஸ்வெல்லின் படையோடு இன்னொரு ஆங்கிலேயத் தளபதியான ஜெனரல் மெடோஸின் படையும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது, இருந்தும் திப்பு தப்பினார். கற்பனை நுழைய அருமையான இடம் இது, யாரும் தொடுவதில்லை.

எல்லோரும் தொடுவது ஆயுதத்தைத்தான். திப்புவுக்குப் பத்தாயிரம் வாணங்கள் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். யார் செய்தார்கள், எந்த மாடு இழுத்தது என்ற கேள்வி இல்லை. மாடு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1791 மே மாதம் அரக்கெரேயில் வென்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலில் நின்ற ஆங்கிலேயத் தலைமைத் தளபதி கார்ன்வாலிஸ், பொதிமாடுகள் நோயிலும் பட்டினியிலும் செத்து விழுந்ததால் தன் கோட்டை உடைக்கும் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பினார். திரும்பத் தொடங்கியதுமே எதிரில் வந்தது மராட்டியர் படை, அதாவது அவருடைய கூட்டாளிகள்! அவர்கள் அவ்வளவு அருகில் இருப்பதே அவருக்குத் தெரியாது. வழியெங்கும் திப்புவின் குதிரைக்காரர்கள் தூதுவர்களை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரே ஒரு தூதுவனைத் தப்ப விடுங்கள். கார்ன்வாலிஸ் ஒரு வாரம் பொறுத்திருப்பார், பீரங்கிகள் மிஞ்சியிருக்கும். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் காவிரி பெருகும் காலம் அது, முற்றுகை சேற்றில் சிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டில் எது நடந்தாலும், நவம்பரில் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக்கு வரத் தேவையே இல்லாமல் போகலாம். இங்குதான் பலர் வழுக்குகிறார்கள். மே மாதத்தை மாற்றிவிட்டு, தங்களுக்குப் பிடித்த நவம்பர் இரவை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வார்கள். அந்த மாணவரும் ஏணிக் காட்சியை விட்டுக்கொடுக்க ஒரு மாதம் முரண்டு பிடித்தார்.

பாத்திரங்களுக்கு, திப்பு இறந்த 1799 தெரிந்திருப்பது போல எழுதுவதும் உண்டு. திப்புவின் முடிவை முன்கூட்டியே உணர்ந்து கண்கலங்கும் தளபதிகள் எனக்கு அலுத்துவிட்டார்கள். அன்றைய வீரனுக்கு அன்றைய களியும் கூலியும் கவலை.

கோட்டையோடு கதையை முடித்துவிடுவதும் ஒரு குறைதான். உடன்படிக்கைக்குப் பின் 1792 முதல் 1799 வரை பாராமகாலைக் கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் நிர்வகித்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். பாராமகால் திப்புவிடமே நின்றிருந்தால் மன்றோ அந்தப் பாடத்தை எங்கே கற்றிருப்பார்? தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு வேறு வரி, வேறு பட்டா.

மாணவர் இப்போது இரண்டாம் படியை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏணி போய்விட்டது. கதாநாயகன், பென்னாகரத்துப் பக்கம் ஆலம்பாடி இன மாடுகளை மறைத்து வைத்துக்கொண்டு, எந்தப் படைக்கு விற்பது என்று யோசிக்கும் ஒருவன். மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் வேண்டும் என்று நேற்று இரவு பத்து மணிக்குப் போன் செய்து கேட்டார்.