நாலு பக்கத்தில் நம்ம ஊர்ப் பத்திரிகை: தொடங்குவது எப்படி?

பல்லடம், காங்கேயம், பெருந்துறை பக்கம் எந்த பேக்கரிக்குப் போனாலும் காலையில் நாலு பேர் தினசரியைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். நம்ம வீதியில் போன மாதம் போட்ட சாக்கடை எத்தனை மீட்டர், எவ்வளவு பில் ஆனது என்பது மட்டும் அதில் வராது. அந்த இடத்தை நிரப்ப ஒரு சின்னப் பத்திரிகை போதும். இரண்டு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. எல்லையைச் சுருக்குங்கள்

ஒரு பேரூராட்சி, சுற்றி மூன்று ஊராட்சி. அதற்கு மேல் வேண்டாம். மாவட்டம் முழுக்க என்று கிளம்பினால் எந்த வீதிக்கும் இரண்டாவது தடவை போக முடியாது. மாதம் இருமுறை, நாலு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. பதிவு

1867-ம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ல் இயற்றிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘பிரஸ் சேவா’ இணையதளத்தில் பெயருக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். தமிழில் வேறொருவர் வைத்திருக்கும் பெயர் கிடைக்காது, அதனால் மாற்றுப் பெயர்களையும் யோசித்து வையுங்கள். பதிவு கையில் வரும்வரை அச்சகத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

3. காகிதத்தைப் பிடியுங்கள்

பத்திரிகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சாலையோ வடிகாலோ போட்டால் அதற்கு மன்றத் தீர்மானம், மதிப்பீடு, டெண்டர், வேலை உத்தரவு, அளவுகளைக் குறிக்கும் எம்-புக், பணம் பட்டுவாடா செய்த வவுச்சர் என்று வரிசையாக ஆவணம் இருக்கும். வார்டு உறுப்பினர் சொல்வது, ஒப்பந்ததாரர் சொல்வது எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இவற்றை வாங்க 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உங்கள் சொந்தப் பெயரில் அனுப்புங்கள். இந்த உரிமை குடிமகனுக்குத்தான், பத்திரிகைப் பெயரில் கேட்டால் திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். “ஏன் சாலை சரியில்லை?” என்று கேட்காதீர்கள். “இன்ன வீதி வடிகால் வேலையின் எம்-புக் பக்கங்களின் நகல்” என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியாக வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பலர் தோற்பது தேதியைத் தவறவிட்டுத்தான். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

ஊராட்சி என்றால் கிராமசபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கேள்வி கேட்க ஆள் இன்னும் அதிகமாகத் தேவை.

4. டேப்போடு போங்கள்

எங்கள் இரண்டாவது இதழுக்காக ஒரு வடிகாலைப் பார்த்தோம். எம்-புக் நகலில் நீளம் 140 மீட்டர். நானும் நண்பரும் 30 மீட்டர் டேப்போடு காலை ஆறு மணிக்கே போய் அளந்தோம். மூன்று டேப், அப்புறம் 22 மீட்டர். மொத்தம் 112. இருபத்தெட்டு மீட்டரைக் காணவில்லை! கை பரபரத்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “ஏனுங்க, மறுபடியும் தோண்டப் போறீங்களா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். “அது கோயிலுக்குப் பின்னாடி சந்துக்குள்ள திரும்புதுங்க. மேல சிலாப் போட்டு மூடிட்டாங்க.” போய்ப் பார்த்தால் அங்கே 16 மீட்டர். ஆக மொத்தம் 128, குறைவது 12 மீட்டர் மட்டும். அந்த அம்மாவிடம் பேசாமல் வந்திருந்தால் பொய்ச் செய்தி போட்டிருப்போம். அதனால் எதை அளந்தாலும் அந்த வீதியில் குடியிருக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்டு வாருங்கள். ஆரம்பம், முடிவு, திருப்பம் மூன்றையும் டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

5. எழுதுமுன் பதில் கேளுங்கள்

பேரூராட்சியின் செயல் அலுவலருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, குறைந்தது மூன்று நாள் கொடுங்கள். எங்களுக்கு வந்த பதில்: மின்கம்பம் குறுக்கே நிற்கிறது, மாற்றியதும் மீதியைப் போடுவோம். வேலை முடியாமல் முழு அளவும் எப்படி எம்-புக்கில் ஏறியது என்பதற்குப் பதில் இல்லை. இரண்டையும் அப்படியே அச்சிட்டோம். “ஊழல்” என்ற சொல்லைப் போடவில்லை. 140, 128 என்ற இரண்டு எண்ணே போதும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை இருக்கிறது. உண்மையும் பொதுநலனும் சேர்ந்திருந்தால் அதே பிரிவு விலக்கும் தருகிறது. அதை நிரூபிக்க ஆவணம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

6. காசு

ஆண்டுச் சந்தா, பேக்கரி, ஜவுளிக்கடை, செக்கு எண்ணெய் வியாபாரி விளம்பரம். அந்தப் பேரூராட்சியில் வேலை எடுக்கும் ஒப்பந்ததாரரிடமும் கவுன்சிலரிடமும் பொங்கல் வாழ்த்து விளம்பரம்கூட வாங்காதீர்கள். பிரதிகளைச் சந்தை நாளில் நேரில் கொடுங்கள். அடுத்த செய்திக்கான புகார் அங்கேதான் வரும்.

7. திரும்பிப் போங்கள்

எட்டு வாரம் கழித்து அதே டேப்போடு அதே வீதிக்குப் போனோம். கம்பம் நகர்ந்திருந்தது. அளந்தோம், 140. முதல் செய்தி வந்த அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதையும் போட்டோம்.